தப்பான விடைக்குக் கழுதை

பயிற்சி ஆசிரியர்களில், எதற்கெடுத்தாலும் பொத்தானைத் தட்டும் ‘பொத்தான் டீச்சர்’ என்றோர் இனம் உண்டு. தொடக்கப்பள்ளி வாசலிலேயே அடையாளம் தெரிந்துவிடும்: ஒரு தோளில் மடிக்கணினி, மறுதோளில் ஒலிபெருக்கி, கழுத்தைச் சுற்றி வயர், வாயில் "பிளக் பாயின்ட் எங்க இருக்கு?" பிள்ளைகள் எங்கே என்று இந்த இனம் கேட்டதாகத் தகவல் இல்லை.

நம் பொத்தான் டீச்சருக்கு அன்று தேர்வு வகுப்பு. கல்லூரிப் பேராசிரியர் கடைசிக் குட்டி பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் பயிற்சியை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்பாவோ, மகள் டீச்சராகிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று.

பாடம் என்ன? இரண்டாம் வகுப்புக் கழித்தல். விரலை மடக்கினால் முடிகிற சமாசாரம். அதற்குத்தான் பறக்கும் எண்கள், உருளும் பந்துகள், மின்னும் நட்சத்திரங்கள், திரையில் சரியான விடையைத் தொட்டால் கைதட்டல், தப்பான விடையைத் தொட்டால் கழுதைக் கத்தல் என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு செய்து வைத்திருந்தாள்.

"ஒன்பதுல நாலு போனா?"

முன்வரிசைச் சிறுமி ஐந்தைத் தொட்டாள். கைதட்டல். வகுப்பு கொட்டாவி விட்டது. அடுத்த கணக்கில் ஒருவன் கைதவறி வேறெதையோ தொட, கழுதை கத்தியது. அவ்வளவுதான்! வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. இனி எந்தப் பிள்ளைக்குச் சரியான விடையைத் தொட மனம் வரும்?

வரிசையாக வந்தார்கள். வரிசையாகக் கழுதை கத்தியது.

"நேத்து எல்லாரும் சரியாத்தானே சொன்னீங்க, கண்ணுங்களா?"

"நேத்து கழுதை இல்லையே மிஸ்!"

பேராசிரியர் எழுந்து வந்தார். அவளுக்கு உயிரே போய்விட்டது.

"கழுதை கத்தினதுக்கு அப்புறம் ஒருத்தர்கூடத் தவறிப்போய்ச் சரியான விடையைத் தொடலையேம்மா. அப்போ அத்தனை பேருக்கும் கணக்கு தெரியுது. நேத்து எப்படிச் சொல்லிக்கொடுத்தே?"

"விரலை வெச்சுத்தான் சார். நேத்து இது ரெடியாகலை."

அவர் கையெழுத்துப் போட்டார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, திரையில் தப்பான விடை ஒன்றைத் தானும் தொட்டுப் பார்த்தார்.

அவள் திருந்தினாளா? அடுத்த வகுப்புக்கு ஒரு குரங்கையும் சேர்த்துக்கொண்டாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். இன்று காலை உங்கள் மைத்துனருக்கு வெறும் வணக்கம் சொல்ல, சுழலும் ரோஜாப்பூவையும் புல்லாங்குழல் இசையையும் சேர்த்து அனுப்பியது யார்? கொஞ்சம் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். எங்கேயோ கழுதை கத்துகிறது.