படகுப் பெயின்ட் அடித்த வீடு

வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது லேசான வேலை என்று சொல்கிற எவனும் பெயின்ட் அடிக்கிற நேரத்தில் அந்த வீட்டுக்குள் குடியிருந்தவன் இல்லை. கைத்தொலைபேசி வீடியோவில் ஒருவன் வருகிறான். வெள்ளைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு சுவரில் உருளையை உருட்டுகிறான். கீழே ஒரு சொட்டு விழவில்லை. அவனுக்குத் தாய் இல்லையா, தங்கச்சி இல்லையா, அவன் வீட்டில் ஒருவரும் சோறு கறி சமைப்பதில்லையா? அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நான் கெட்டேன். (இப்போது கண்டாலும் அவனுக்கு அடி இருக்கிறது.)

நான் திருகோணமலையில் மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் திருத்துகிறவன். எங்கள் வீடு துறைமுகப் பக்கத்தில் ஓர் ஒழுங்கையின் முடிவில் இருக்கிறது. பழைய சுண்ணாம்புச் சுவர், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். அப்பா இல்லை. அம்மா, நான், தங்கச்சி சுகந்தி. வீடு சுகந்திக்குச் சீதனம். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு. கட்டுகிறவன் அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பான். அதனால் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை ஓரக்கண்ணால் பார்ப்பார்கள், வீட்டை உற்றுப் பார்ப்பார்கள்.

சுகந்திக்கு முதலில் வந்த சம்பந்தம் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் நின்றுபோனது. வந்தவர் சுவரில் சாய்ந்தார். எழும்பியபோது பாதிச் சுவர் அவருடைய சட்டையில் இருந்தது. அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு கதையும் இல்லை.

இரண்டாவது, கிளிவெட்டியிலிருந்து வந்த சம்பந்தம். மாப்பிள்ளை பிரதீபனும் சுகந்தியும் ஒரே கந்தோரில் வேலை. இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. அவனுடைய தாய் தகப்பன் வந்து வீட்டைப் பார்ப்பது மட்டுந்தான் மிச்சம். "அண்ணா, இந்த முறையும் சுவராலை குழம்பினால் நான் ஒருத்தரையும் கட்டமாட்டன்" என்று சுகந்தி சொல்லிவிட்டாள். அவள் கட்டாவிட்டால் நானும் கட்ட ஏலாது. தங்கச்சி இருக்கத் தமையன் கட்டுவதில்லை.

பாலையூற்றிலிருந்து ஒரு பெயின்ட்காரனைக் கூப்பிட்டேன். அவன் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு "ச்சு ச்சு" என்றான். செத்த வீட்டுக்கு வந்தவன் மாதிரி.

"சுவரைத் தட்டு. நாக்கைத் தட்டாதை" என்றேன்.

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போகட்டும், எஞ்சினையே கழற்றிப் பூட்டுகிறவனுக்குச் சுவர் என்ன பெரிய விசயம் என்று நானே தொடங்கினேன்.

முதல் அதிர்ச்சி அன்றைக்கே கிடைத்தது. ஊதியிருந்த ஓர் இடத்தைச் சுரண்டியால் மெல்லக் கிளப்பினேன். கைப்பிடியளவு விழும் என்று நினைத்தேன். கூரையிலிருந்து நிலம் வரை பூச்சு முழுவதும் பாய் சுருள்கிற மாதிரிச் சுருண்டு வந்து கதிரையில் இருந்தது. (ஓம், இருந்தது. ஒரு விருந்தாளி மாதிரி.) புழுதி அடங்கியபோது அம்மா குசினி வாசலில் சோற்றுப் பானையோடு நின்றார். சோறும் வெள்ளை, அம்மாவும் வெள்ளை.

"குமார், இது பெயின்ட் அடிக்கிறதோ, வீட்டை இடிக்கிறதோ?"

"பழசு போகத்தானே வேணும் அம்மா."

"நானும் பழசுதான். என்னையும் சுரண்டிவிடு."

அதன்பிறகு நாங்கள் வாழ்ந்ததை வாழ்க்கை என்று சொல்ல ஏலாது. அலுமாரிகள் எல்லாம் மண்டபத்தின் நடுவில். அவற்றுக்குப் பின்னால் சுகந்தியின் பாய். சாப்பாட்டு மேசைக்குக் கீழே நான். குசினி கிணற்றடிக்குப் போனது. மீன்குழம்பில் சுண்ணாம்பு, தேத்தண்ணியில் சுண்ணாம்பு. சுகந்தி கந்தோருக்குப் போனால் தலையில் வெள்ளை. "என்ன, நரைச்சுப் போட்டுதோ?" என்று பிரதீபனே கேட்டிருக்கிறான்.

பூச்சுக்கு மணல் வந்தது. ஒழுங்கையில் கொட்டினேன். பக்கத்து வீட்டார் வழி மறிக்கிறது என்று சத்தம் போட்டார்கள். நானும் சத்தம் போட்டேன். கடைசியில் மணலை உரப்பைகளில் நிரப்பி, வாசல் படலையின் இரண்டு பக்கமும் இடுப்பளவுக்கு அடுக்கிவைத்தேன். ஒழுங்காகத்தான் அடுக்கினேன், செங்கல் வைக்கிற மாதிரி.

பிறகு நிறம். உப்புக்காற்றுக்கு எந்தப் பெயின்ட்டும் நிற்பதில்லை. அப்போதுதான் எனக்கு அந்த அறிவு வந்தது.

"அம்மா, படகு வருசம் முழுக்க உப்புத் தண்ணிக்குள்ள நிக்குது. அதின்ரை பெயின்ட் கழலுதோ? எங்கட சுவர் கரையிலதானே நிக்குது?"

அம்மாவிடமிருந்து பதில் வரவில்லை. என் புத்தியைப் பார்த்து வாயடைத்துவிட்டார் என்று நினைத்தேன். (புழுதிக்கு வாயில் துணி கட்டியிருந்தார்.)

வேலை செய்கிற இடத்தில் படகுகளுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட் கிடந்தது. வெள்ளை, நீலம், கறுப்பு. எல்லாவற்றையும் ஒரு பீப்பாயில் ஊற்றித் துடுப்பால் கலக்கினேன். ஈரமாக இருக்கும்போது புறாவின் நெஞ்சு மாதிரி அழகான நிறம். முன்சுவர் முழுக்க அடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன். காய்ந்த பிறகு அது கடும் சாம்பலாக மாறியது. இதை எங்கேயோ கண்டிருக்கிறேனே என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் யோசிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை, ஏனென்றால் மான் வந்துவிட்டது.

எங்கள் ஊர் மான்களுக்குப் பயம் என்பது இல்லை. சந்தியில் நிற்கும், குப்பை தின்னும், வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும். படலையைக் கழற்றிப் பெயின்ட் அடித்து முற்றத்தில் காயப் போட்டிருந்தேன். அந்த வழியால் ஒரு கிளைமான் பூந்து ஈரச் சுவரில் முதுகு தேய்த்துவிட்டுப் போனது. அடுத்த நாள் பஸ் நிலையத்தில் எங்கள் வீட்டு நிறத்தோடு ஒரு மான் நின்றதாகச் சுகந்தி வந்து சொன்னாள்.

ஆகவே படலை இருந்த இடத்தில் அந்தப் பெயின்ட் பீப்பாயையும் இன்னொரு பீப்பாயையும் வைத்து, குறுக்கே ஒரு நீண்ட மூங்கிலைப் போட்டேன். இருட்டில் யாரும் சைக்கிளில் வந்து மோதக்கூடாது என்று சிவப்பும் வெள்ளையும் புதிதாக வாங்கி மூங்கிலுக்குப் பட்டை பட்டையாக அடித்தேன். மிஞ்சிய வெள்ளையை வீணாக்கக்கூடாது என்று சுகந்தி ஒழுங்கையிலிருந்து வாசல் வரைக்கும் இரண்டு பக்கமும் கற்களை வரிசையாக வைத்து வெள்ளை அடித்தாள். அம்மா தன் பங்குக்குத் தென்னைமரங்களின் அடியில் வெள்ளை அடித்தார்.

இதை வாசிக்கிற உங்களுக்கு விளங்கிவிட்டது. எங்களுக்கு விளங்கவில்லை. வீட்டுக்குள் இருந்து வேலை செய்கிறவனுக்கு ஒருநாளும் முழு வீடு தெரியாது. இந்த மூலை தெரியும், அந்த யன்னல் தெரியும். மற்றபடி முதுகுவலிதான் தெரியும்.

தெரிந்திருக்க வேண்டிய சங்கதிகள் நடந்தன. ஒழுங்கைக்குள் வந்த ஒருவர் எங்கள் வீட்டைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போனார். செயின் கழன்றுவிட்டதாக்கும் என்று நினைத்தேன். பேக்கரிப் பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வரும். எங்கள் வாசலுக்குக் கிட்ட வந்ததும் பாட்டை நிறுத்தியது, திரும்பிப் போய்த்தான் மறுபடி போட்டது. எங்களுக்குப் பாண் கிடைக்கவில்லை. அதற்கும் நான் பாண்காரனைத்தான் ஏசினேன்.

மாப்பிள்ளை வீட்டார் பின்னேரம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பின்னேரம் நேரம் சரியில்லை என்று யாரோ சொன்னதால் காலையிலேயே வந்துவிட்டார்கள். கழற்றிய படலையை நான் இன்னும் திரும்பப் பூட்டவில்லை. மூங்கிலை எடுக்கவில்லை. எஞ்சின் வேலைக்குப் போடுகிற கடும்பச்சைச் சட்டை, முழங்கால் வரைக்கும் ரப்பர் சப்பாத்து, வெயிலுக்குத் தொப்பி. மணல் மூட்டைகளுக்குப் பின்னால், பெயின்ட் உருளையின் நீண்ட கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு களைப்பாறி நின்றேன்.

ஒழுங்கை முனையில் ஒரு வான் திரும்பியது. எங்களைக் கண்டது. தூரத்திலேயே நின்றது. எஞ்சினை நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கினார்கள். இறங்கி, வரிசையாக, ஒருவர் பின் ஒருவராக, வெள்ளைக் கற்களுக்கு நடுவால் நடந்து வந்தார்கள். முன்னால் வேட்டி கட்டிய ஒரு பெரியவர். நெஞ்சுக்கு நேரே இரண்டு கையாலும் எதையோ பிடித்திருந்தார்.

அவர் மூங்கிலுக்கு அந்தப் பக்கம் நின்றார். தலை குனிந்தார்.

"மாத்தயா" என்றார், ஐயா என்பதைச் சிங்களத்தில்.

நான் திரும்பி எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் இல்லை. அவர் கையை நீட்டினார். கையில் அடையாள அட்டை. ஐசி.

இப்போது சொல்லப்போவதைத்தான் என்னால் இன்றுவரை நம்ப ஏலாமல் இருக்கிறது. நான் அதை வாங்கினேன். வாங்கி, படத்தைப் பார்த்தேன். அவருடைய முகத்தைப் பார்த்தேன். மறுபடியும் படத்தைப் பார்த்தேன். என்ரை வாழ்க்கையில் எத்தனை சோதனைச் சாவடியில் என்னை அப்படிப் பார்த்திருப்பார்கள்! அந்தப் பார்வை எனக்குள் எங்கே கிடந்தது என்று எனக்கே தெரியாது. அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன்.

"சரி, போங்கோ" என்று சொல்லி மூங்கிலைத் தூக்கிவிட்டேன்.

அடுத்ததாக வந்த இளைஞனும் தன்னுடையதை நீட்டினான். அதையும் வாங்கிப் பார்த்தேன். பெயரைப் படித்தேன். பிரதீபன்.

அட்டையை அவசரமாக அவனுடைய கைக்குள் திணித்தேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். "வாங்கோ, வாங்கோ சம்பந்தி! ஏன் வெயிலுக்கை நிக்கிறீங்கள்?"

பெரியவர் அம்மாவைப் பார்த்தார். சாம்பல் சுவரைப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"இது... வீடோ?"

"ஓம் ஐயா. வீடுதான்."

"ஆமிக்காரர் புதுசா ஒரு காம்ப் போட்டிருக்கிறாங்கள், வீடு அதுக்கு அங்காலையாக்கும் எண்டு நாங்கள் வந்தனாங்கள். அப்ப நீர் ஆர்?"

"பொம்பிளையின்ரை தமையன்."

"தமையனோ? தமையன் என்னத்துக்கு என்ரை ஐசியைப் பாத்தனீர்?"

வந்த பதில் வராமலே இருந்திருக்கலாம்.

"நீங்கள் தந்தனீங்கள்" என்றேன்.

பெரியவரின் முகம் கறுத்தது. "தந்தன்தான். எத்தினை வருசம் காட்டின கை. வயலுக்குப் போகக் காட்டினது, ஆசுபத்திரிக்குப் போகக் காட்டினது. இப்ப பொம்பிளை பாக்கவும் காட்டவேணுமோ? பிரதீபன், நட, போவம்."

சுகந்தி அலுமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். வந்தவர்களின் கண்ணால் அவள் வீட்டைப் பார்த்தது அப்போதுதான். "ஐயோ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. முதல் சம்பந்தம் சுவர் உதிர்ந்து போனது. இது சுவர் நின்று போகிறது.

பிரதீபன் திரும்பிப் பார்த்தான். "அம்மா எங்கை?"

ஒருவரும் கவனிக்கவில்லை. அவனுடைய தாய் மூங்கிலுக்கு வெளியில், வெள்ளை அடித்த ஒரு கல்லின்மேல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நல்ல பட்டுச் சேலை. நல்ல வெயில். எழும்பாமல், கதைக்காமல், யாராவது வந்து என்னவாவது சொல்வார்கள் என்று காத்திருந்தார்.

சுகந்தி ஓடினாள். புது மணப்பெண் மாதிரி இல்லை, மூங்கிலுக்குக் கீழே குனிந்து பாய்ந்து ஓடினாள்.

"அம்மா, ஏன் இதிலை இருக்கிறீங்கள்?"

"ஐசியை வீட்டை விட்டிட்டு வந்திட்டன் பிள்ளை. இப்ப ஆரும் கேக்கிறேல்லைத்தானே எண்டு வந்தனான். அந்தத் தம்பி விடமாட்டார் போல கிடக்குது."

"அது எங்கட அண்ணா. அவருக்கு அறிவில்லை."

சொல்லிவிட்டு, பீப்பாய்க்கு ஓர் உதை விட்டாள். பீப்பாய் உருண்டது. மூங்கில் விழுந்தது. பீப்பாயில் மிஞ்சியிருந்த பெயின்ட் முழுவதும் என்னுடைய சப்பாத்துக்கு மேலால் ஓடியது. கையைப் பிடித்து அந்த அம்மாவை எழுப்பினாள். சேலையின் பின்பக்கம் வட்டமாக வெள்ளை.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். என்னுடைய சப்பாத்தைப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் பதறினேன். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் தொடங்கி, பிறகு ஒழுங்கை முழுக்கக் கேட்கச் சிரித்தார்.

பெரியவர் உறுமினார். "என்னப்பா, உனக்குச் சிரிப்பாக் கிடக்குதோ?"

"பின்னை? ஐசி இல்லாமல் கையைப் பிடிச்சு உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போற காம்ப்பை நான் இண்டைக்குத்தான் காணுறன். இதை வேண்டாமெண்டு சொல்ல எனக்கு ஏலாது. வாங்கோ, பொம்பிளையின்ரை கையாலை தேத்தண்ணி குடிப்பம்."

குடித்தார்கள். அதிலும் சுண்ணாம்பு இருந்தது. பெரியவர் எழும்பும்போது எனக்கு முன்னால் வந்து நின்றார். "கலியாணத்தண்டைக்கு இந்த நிறம் இருக்கக்கூடாது. இருந்தால் என்ரை ஆக்கள் ஒருத்தரும் இஞ்சை வராயினம்."

அங்கேதான் கடைசி அதிர்ச்சி. படகுப் பெயின்ட் கழலாது என்று நான் சொன்னது உண்மை. உப்புக்குக் கழலவில்லை. சுரண்டியால் சுரண்டியும் கழலவில்லை, ஏசியும் கழலவில்லை. அதற்கு மேலே வெள்ளை அடித்தோம். கலியாணத்துக்கு வெள்ளை நின்றது, கடவுள் புண்ணியம். பிறகு வந்த வாடைக்காற்றுக்கு வெள்ளை தோல் உரிந்தது. உள்ளே சாம்பல் புத்தம் புதிதாக நின்றது. அதற்குமேல் மஞ்சள் அடித்தோம், அதுவும் உரிந்தது. இன்றைக்கும் ஓட்டோக்காரனிடம் முகவரி சொல்லத் தேவையில்லை. "காம்ப் வீடு" என்றால் போதும்.

சுகந்தியும் பிரதீபனும் அம்மாவோடு அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். நான் கலியாணம் கட்டி, பாலையூற்றில் மனைவியின் வீட்டில் இருக்கிறேன். (அந்த வீட்டுச் சுவரைத் தொட எனக்கு அனுமதி இல்லை.) தங்கச்சியைப் பார்க்கப் போனால் மச்சான் பிரதீபன் வாசலில் வந்து நிற்பான். கையை நீட்டுவான். நான் ஐசியை எடுத்துக் கொடுக்க வேண்டும். படத்தைப் பார்ப்பான், என் முகத்தைப் பார்ப்பான், மறுபடியும் படத்தைப் பார்ப்பான். "சரி, போங்கோ" என்பான். கிளிவெட்டியிலிருந்து அவனுடைய தாய் வந்து நிற்கிற நாள் என்றால், உள்ளே அவர் சிரிக்கிற சத்தம் கேட்கும்.

போன பொங்கலுக்கு மறந்துபோய் ஐசியை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். எவ்வளவு கத்தியும் மச்சான் விடவில்லை. சுகந்தி பொங்கல் பானையை இறக்கிவைத்துவிட்டு வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும்வரை, புது வேட்டியோடு அந்த வெள்ளைக் கல்லில் இருந்தேன்.