முதலில் உன் பேரைப் போடு

கட்டுரையைத் திருப்பி அனுப்பியதற்காக ஒரு கூடை மாம்பழம் பரிசு வாங்கிய ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் ரிஜெக்ட் அக்கா.

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரி ஆய்விதழுக்கு அவர் ஆசிரியர். முனைவர் பட்டம் வாங்கிய சூடு ஆறாத எங்கள் நாலு பேரைத் துணை ஆசிரியர்களாகச் சேர்த்துப் பழக்கினார். வருகிற பத்துக் கட்டுரைகளில் எட்டைத் திருப்பிவிடுவார் என்பதால் அந்தப் பட்டப்பெயர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி.

நாகல் நகரிலிருந்து ஆட்டோவில் வரும்போதே கட்டுரைச் சுருக்கத்தை ஓட்டுநருக்கு வாசித்துக் காட்டுவார். கல்லூரி வாசல் வருவதற்குள், "இதுல என்னக்கா புதுசா கண்டுபிடிச்சாங்க?" என்று ஓட்டுநர் கேட்டுவிட்டால் அந்தக் கட்டுரை தொலைந்தது. போகப் போக அவரே, "இதத்தான் போன மாசம் இன்னொருத்தர் எழுதுனாருல்ல?" என்று கேட்கும் அளவுக்குத் தேறிவிட்டார்.

அக்காவின் பெரிய கிறுக்கு வேறு. நிராகரிப்புக் கடிதம் எழுதினால், 'அன்புள்ள' என்பதற்குப் பக்கத்தில் முதலில் நம் பெயரைப் போட்டு, அவர் முன்னால் சத்தமாக வாசிக்க வேண்டும். என் முதல் கடிதத்தை, 'அன்புள்ள அமல்ராஜ், தங்கள் கட்டுரை தரமற்றது' என்று கம்பீரமாகத் தொடங்கினேன். மூன்றாம் வரியோடு வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

"என்ன அப்பு, சத்தத்தையே காணோம்?"

"இம்புட்டு மோசமாவா எழுதிட்டேன்னு இருக்குக்கா."

"இருக்குல்ல? செத்த நேரம் உக்காந்து மாத்தி எழுது. எது சரியில்ல, எப்படிச் சரி பண்ணலாம்னு சொல்லு. அப்புறம் அவுக பேரைப் போடு."

நத்தத்திலிருந்து முத்துலட்சுமி என்ற ஆய்வு மாணவி, மாந்தோப்புப் பழ ஈக்களைப் பற்றி ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார். ஒரு கட்டுரையாவது வெளிவந்தால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும், ஏற்கெனவே இரண்டு இதழ்கள் காரணம் சொல்லாமல் திருப்பிவிட்டன, இதுவும் போனால் படிப்பையே விட்டுவிடுவேன் என்று கூடவே எழுதியிருந்தார். நல்ல உழைப்புதான். ஆனால் ஒரே தோப்பில் எண்ணிவிட்டு வட்டாரம் முழுக்க முடிவு சொல்லியிருந்தார். ஐந்து முறை கடிதத்தை மாற்றி எழுதினேன். அக்கா ஒருவழியாக, "ம், இப்பப் போகட்டும்" என்றார். அந்தச் சந்தோஷத்தில் என் பெயரை மாற்றாமலே அனுப்பித் தொலைத்தேன்.

கடிதத்தின் கீழே 'ஆசிரியர் குழு' என்றுதான் போடுவோம்; மறுநாள் காலையில் முத்துலட்சுமி அலுவலகத்தில் என் எண்ணைக் கேட்டு வாங்கிப் போன் செய்தார்.

"சார், உங்களுக்கு வந்த லெட்டர் மாறி எனக்கு வந்துருச்சு. படிச்சுட்டேன், மன்னிச்சுக்கங்க. மனச விட்றாதீங்க சார். எனக்கெல்லாம் ரெண்டே வரியில முடிச்சுட்டாங்க. உங்களுக்கு எம்புட்டு அக்கறையா எழுதிருக்காங்க! இன்னும் ரெண்டு தோப்புல எண்ணணும், அம்புட்டுத்தான? ஆமா, நீங்களும் பழ ஈதானா சார்?"

எனக்கு வியர்த்துவிட்டது. "இல்லம்மா. அது உங்க கட்டுரைதான்."

அழப்போகிறார் என்று பயந்தேன். அவரோ மெதுவாகக் கேட்டார்: "அப்ப உங்களுக்குச் சொன்னத எனக்கே சொல்லிக்கணுமா சார்?"

"ஆமாம்மா."

அக்காவிடம் போய் நின்றேன். "ஏலே, மன்னிப்புக் கேட்டு அந்தப் பிள்ளைக்கு ஒரு லெட்டர் எழுது" என்றவர், நான் திரும்பியதும் கூப்பிட்டார். "அதுலயும் முதல்ல உன் பேரைப் போடு."

முத்துலட்சுமி இன்னும் இரண்டு தோப்புகளில் ஏறி இறங்கினார். திருத்திய கட்டுரை எங்களிடம் திரும்பி வந்தது, ஆட்டோ ஓட்டுநர் பாதி வழியிலேயே தலையாட்டிவிட்டார், இதழிலும் வந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்த கையோடு அக்காவுக்கு ஒரு கூடை மாம்பழம் வந்தது. 'திருப்பி அனுப்பியதற்கு நன்றி' என்று மேலே ஒரு சீட்டு.

அக்கா வேறு ஊருக்கு மாறிப்போய்விட்டார். அவர் நாற்காலியில் இப்போது நான். என்னிடம் பழகும் நாலு பேரும் தங்கள் பெயரைப் போட்டுத்தான் வாசிக்கிறார்கள். நான் மட்டும் ஏமாற்றுகிறேன். எனக்குத் தோல் தடித்துவிட்டது. என் பெயரைப் போட்டால் ஒன்றும் உறைப்பதில்லை. அதனால், பதிவேட்டில் மட்டுமே இருந்த அக்காவின் பெயரைப் போட்டுக்கொள்கிறேன். அவர் மனம் நோகிற மாதிரி ஒரு வரிகூட எனக்கு எழுத வராது.