ஓசி ஜென்மங்கள்

லேப்டாப் மூலையில் வைஃபை ஒரே ஒரு கோடு காட்டியது. அதுவும் இருப்போமா, போவோமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் வீடியோ இன்டர்வியூ. அலுவலகத்தின் தகவல் பாதுகாப்பு அதிகாரி பதவிக்கு. பல வருஷமாக ஒரே நாற்காலியைத் தேய்த்துவந்த மேதாவிக்கு இதை விட்டால் வேறு வாய்ப்பே கிடையாது. மேதாவி என்று பெயர் வைத்தது அவரேதான்.

"புது லேப்டாப் ஒண்ணு வாங்கித் தொலைச்சா என்னங்க?" என்றாள் மனைவி.

"மெஷின் பழசா இருந்தா என்ன? மூளை புதுசு. ஸ்டூலைப் பிடி."

வைஃபை பெட்டியைப் பரண் மேல் ஏற்றினார். கோடு அசையவில்லை. இரும்பு பீரோதான் சிக்னலைத் தின்கிறது என்று கண்டுபிடித்து, காபி போடப் போன மனைவி வருவதற்குள் அதை இழுத்தார். அது நகர்ந்து சமையலறைக் கதவை அடைத்துக்கொண்டு நின்றது.

"ஐயோ, கதவைத் திறங்க!"

"கொஞ்சம் பொறு. இப்பத்தான் புரியுது. எதிர்வீட்டுக்காரங்க நம்ம வைஃபையைத் திருடுறாங்க. ஓசியில வாழுற ஜென்மங்க!"

உடனே பாஸ்வேர்டை மாற்றினார். டி.வி. நின்றது.

"என் போன்லயும் நெட் போச்சுங்க!" என்றது சமையலறை.

லேப்டாப் மட்டும் புதுப் பாஸ்வேர்டைக் கேட்கவே இல்லை. அதே ஒற்றைக் கோட்டில் ஓடியது.

"பாத்தியா விசுவாசத்தை! எஜமான் யாருன்னு அதுக்குத் தெரியுது." அந்த அறிவு அவருக்கும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

இன்டர்வியூ தொடங்கியது. திரையில் மூன்று முகங்கள்.

"அடுத்தவங்க நெட்டுல திருட்டுத்தனமா நுழையுறவங்களை எப்படிப் பிடிப்பீங்க?" என்றார் நடுவில் இருந்த பெரிய அதிகாரி.

"சார், இன்னைக்குக்கூட ஒரு..." படம் உறைந்தது.

மேதாவி லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு ஹாலெல்லாம் ஓடினார். வாசல் பக்கம் போனபோது இரண்டு கோடு. கதவைத் திறந்து வெளியே கால் வைத்ததும் மூன்று. எதிர்வீட்டு வாசலில் முழுசாக நான்கு! முகங்களுக்கு உயிர் வந்தது.

"சார், இன்னைக்குக்கூட ஒரு திருட்டைக் கையும் களவுமா பிடிச்சேன்!" என்று கத்தினார். "பாஸ்வேர்டை மாத்தினேன், இப்ப பாருங்க, சிக்னல் பிச்சுக்கிட்டு வருது!"

சத்தம் கேட்டு எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்தாள். லேப்டாப்பைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது.

"மன்னிச்சுக்குங்க அண்ணே, நேத்துதான் எங்க வைஃபை பெட்டியை உள் ரூமுக்கு மாத்தினோம். நீங்க குடி வந்த அன்னைக்கு ரெண்டு நாளைக்குன்னு எங்க பாஸ்வேர்டு வாங்கினீங்களே, இன்னும் அதுலதான் ஓட்டுறீங்கன்னு தெரியும், பெட்டியை மாத்துறப்ப உங்களை மறந்தே போச்சு. உள்ள வந்து உக்காந்து பேசுங்க, நல்லா கிடைக்கும்."