டாக்டர் வீட்டு நத்தை

காரை வாசல் மேட்டில் ஏற்றும்போதே விசில் அடித்தது. பல் டாக்டர் சட்டென்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். எடுத்து என்ன பயன்? மாடி ஜன்னல் திறந்துவிட்டது.

வேறு யார் தலை தெரிந்திருந்தாலும் சமாளித்திருப்பார். தெரிந்தது மனைவியின் தலை. அவள் பாட்டு டீச்சர். வகுப்பே சேர்ந்து கத்தும்போது எந்தப் பிள்ளை வாயை மட்டும் அசைக்கிறது என்று கண்டுபிடிக்கிற காது அது.

"ஏங்க, வண்டி நேத்தைவிட ரெண்டு கட்டை ஏறிப் பாடுதே?"

பெல்ட் தேய்ந்திருக்கும் என்றார் டாக்டர். அப்படியானால் மாற்றிவிடுங்கள் என்று ஜன்னல் மூடிக்கொண்டது.

பெல்ட்டுக்கு ஒன்றும் இல்லை. பாடியது டர்போ. இன்ஜினுக்குள் காற்றைத் திணித்து வேகம் ஏற்றுகிற இரும்பு. பார்க்க நத்தைக்கூடு மாதிரி சுருண்டிருக்கும். அதனால் டாக்டரும் அவர் கூட்டாளிகளும் அதை நத்தை என்றே சொல்வார்கள். கம்பெனி கொடுத்த சின்ன நத்தையைக் கழற்றி மெக்கானிக் ஷெட்டில் போட்டுவிட்டுப் போன வருஷம் நடுத்தர நத்தை ஒன்றை மாட்டினார். அன்று வீட்டில் தீர்ப்பு எழுதப்பட்டது. இனி அந்த இன்ஜினில் கை வைத்தால் கார் விற்பனைக்குப் போகும். டாக்டர் சத்தியம் செய்து கொடுத்தார். வலிக்கவே வலிக்காது என்று சொல்லிவிட்டுப் பல்லைப் பிடுங்குகிறவர் செய்த சத்தியம் அது. நேற்று பெரிய நத்தையை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்.

ஆசை அவரை விடவில்லை. ஞாயிறு காலையில் இந்தக் கூட்டம் கார்களை வரிசையாக ஓட்டிக்கொண்டு போகும். பெரிய நத்தை முன்னால், சின்ன நத்தை பின்னால். மரக்கடைக்காரர்தான் எப்போதும் முதல். அவரை எல்லோரும் மாமா என்பார்கள். அவருக்குப் பின்னால் இரண்டாவதாகப் போக வேண்டும், அவ்வளவுதான் டாக்டரின் லட்சியம். வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள். டாக்டர் அதற்காகத் தூக்கம் கெட்டுப்போனவர்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய நத்தையை யாரும் விற்க மாட்டார்கள். அது வரிசையில் அடுத்த ஆளுக்கு இனாமாகப் போகும். மாமா கழற்றியதுதான் டாக்டருக்கு வந்தது. டாக்டர் கழற்றியது யாருக்குப் போகும் என்பது மெக்கானிக்குக்கு மட்டும் தெரியும். கொடுத்தவன் கேட்கக் கூடாது. வாங்கியவனுக்கும் வீடு வாசல் இருக்கிறது, அங்கேயும் தீர்ப்பு எழுத ஆள் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. திருடர்கள்கூட இவ்வளவு மானமாக நடந்துகொள்ள மாட்டார்கள்.

விசிலை அடக்க மாமா ஒரு யோசனை சொன்னார். காற்று போகிற குழாயைச் சுற்றி மெத்தைப் பஞ்சை அடைத்துக் கட்டினார்கள். விசில் நின்றது. ஆனால் காலை எடுக்கும்போதெல்லாம் கார் தும்மியது.

"யாருங்க அது, வாசல்ல ஜலதோஷத்தோட?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் என்றார் டாக்டர். பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இல்லை. அவர் வீட்டுச் செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறவளே டாக்டரின் மனைவிதான்.

இதற்கு நடுவே அவளுடைய காரும் ஏ.சி. சரியில்லை என்று ஒருநாள் ஷெட்டுக்குப் போய்வந்தது. அவளுடையது வெள்ளைக் கார், ரொட்டி மாதிரி உருவம். இரண்டு காரிலும் இருப்பது ஒரே இன்ஜின்தான் என்று விற்றவன் அன்றைக்கே சொன்னான். விற்கிறவன் பேச்சை யார் நம்புவார்கள்? டாக்டர் அந்தக் காரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உள்ளே ஏறினாலே அவள் பாட்டை அலற விடுவாள், அவருக்குத் தலைவலி வரும். இப்போதெல்லாம் அவருக்குப் பின்னால் கிளம்பி அவருக்கு முன்னால் வீட்டில் நிற்கிறாள். குறுக்குத் தெரு கண்டுபிடித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

தும்மலுக்கும் மாமாதான் மருந்து சொன்னார். "டாக்டரே, இது என் வண்டின்னு சொல்லிடுவோம். ரெண்டும் நீலம்தானே? பொம்பளைங்களுக்கு நீலம்னா நீலம்தான்."

மாமா வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார். வாசலில் தும்முவது தன் கார் என்றும், டாக்டரின் கார் தன்னிடம் பத்திரமாக இருக்கிறது என்றும் சொன்னார். டீச்சர் பொறுமையாகக் கேட்டாள். எழுந்து போய் நம்பர் பலகையைப் பார்த்தாள். கதவைத் திறந்தாள். முன் இருக்கையிலிருந்து ஒரு பல் செட்டை எடுத்துக்கொண்டு வந்து மாமாவின் காபி டம்ளர் பக்கத்தில் வைத்தாள்.

"உங்களுதாண்ணே? போட்டுப் பாருங்க, சரியா இருக்கான்னு."

மாமா மிச்சக் காபியை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நண்பனுக்கு ஒன்று என்றால் அந்தக் கூட்டம் சும்மா இருக்காது. மறுநாள் எல்லோரும் தெருவை அடைத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். பானெட்டைத் திறந்து, ஆளுக்கு ஒரு பக்கம் தலையை விட்டு, ஆளுக்கு ஒரு சாட்சி சொன்னார்கள். ஒருவர் ஆயில் என்றார். ஒருவர் பேட்டரி என்றார். புது ரோடு போட்டதால் வருகிற சத்தம் என்று ஒருவர் சாதித்தார். டீச்சர் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினாள். கடைசியில் அந்தக் கூட்டத்திலிருந்த பாங்க் மேனேஜர் பக்கம் திரும்பி, இது எந்த வண்டியிலும் வருகிற சத்தம்தானே என்று வெகுளியாகக் கேட்டாள்.

மேனேஜருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எந்த வண்டியிலயும் வருமா? என்னம்மா பேசுறீங்க, எவ்வளவு பெரிய நத்தை அது!"

மாமா பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்கவே இல்லை.

எல்லோரும் போன பிறகு டாக்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவரிடம் வருகிற நோயாளிகள் உட்காருவது மாதிரியே உட்கார்ந்தார். காரை விற்றுவிடலாம், ஆனால் வாங்குகிறவன் நல்லவனாக இருக்க வேண்டும் என்று தழுதழுத்தார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "கார் இருந்துட்டுப் போகட்டும். அந்தப் பெரியதைக் கழட்டுங்க. கம்பெனி குடுத்த சின்னதையே மாட்டுங்க. தள்ளிப்போடாதீங்க, நாளைக்கே."

இவ்வளவு லேசாக விடுவாள் என்று டாக்டர் நினைக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று மாமாவுக்குப் போன் செய்தார். மாமாவும் பெருமூச்சு விட்டு ஆமோதித்தார்.

மறுநாள் ஷெட்டுக்குக் கார்கள் வரிசையாகப் போயின. மாமா முதலில், டாக்டர் கடைசியில். சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி யாரும் ஹாரன் அடிக்கவில்லை. மெக்கானிக் காருக்கு அடியில் படுத்து போல்ட்டுகளைக் கழற்றினார். நத்தை வெளியே வந்ததும் டாக்டர் அதைத் துணியால் துடைத்தார். மாமா அவர் தோளில் கை போட்டுக்கொண்டார். பாங்க் மேனேஜர் மூலையில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

டாக்டருக்கு மனசு கேட்கவில்லை. வழக்கத்தை மீறினார்.

"அடுத்த ஆளு யாருன்னு மட்டும் சொல்லுங்கப்பா. நல்லா வச்சுக்குவாங்களா?"

மெக்கானிக் காருக்கு அடியில் இன்னும் உள்ளே நகர்ந்துகொண்டார். கால் விரல் மட்டும் அசைந்தது. கல்லாவில் உட்கார்ந்திருந்த அவருடைய அக்காவுக்கு அந்த வழக்கமெல்லாம் தெரியாது. அவள்தான் சொன்னாள்.

"பாட்டு டீச்சர் ஒருத்தங்க சார், போன வாரம் வெள்ளை வண்டியில உங்க பழசை மாட்டிட்டுப் போனதிலேருந்து, 'பெருசு எப்ப கழலும், பெருசு எப்ப கழலும்'னு தினமும் போன் பண்றாங்க, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"