பாறைக்குப் பாய்ந்த வியாழக்கிழமைத் தண்ணீர்

மதிப்பிற்குரிய சம்பந்தி கல்முர்ஸா அவர்களுக்கு, ஊர் வாய்க்காலில் நாற்பது வருடம் தண்ணீர் முறை பிரித்தே தலை நரைத்த ஜுமகாசி எழுதுவது. ஸலாம். உங்கள் உடம்பு, வீட்டார், ஆடுகள், பெட்டைக்குதிரை, அதன் குட்டி எல்லாம் சுகம்தானே? பார்லியைப் பற்றி விசாரிக்கத்தான் எனக்கு வாயில்லை.

"பார்லி மொளைக்கிற வரைக்கும் கல்யாணப் பேச்சே கெடையாது" என்று நீங்கள் சொல்லியனுப்பியது வந்து சேர்ந்தது. நியாயம்தான். விதைத்த வயலுக்கு வரவேண்டிய தண்ணீரை இரண்டு வியாழக்கிழமை மடை மாற்றியவன் நானே. ஆனால் நான் திருடன் இல்லை, நடந்ததைக் கேளுங்கள். பிஷ்கெக் நகரத்திலிருந்து பாறை ஆராய வந்த சினாரா என்கிற பெண் எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறாள். ஊருக்குப் பின்னால் சிவப்பும் சாம்பலுமாகக் கோடு போட்ட மேடு இருக்கிறதே, ஆடுகூட எட்டிப் பார்க்காத இடம், அதைச் சுரண்டிக்கொண்டிருந்தவள் ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள். "மாமா, இது ஒரு காலத்துல ஆத்தங்கரை மண்ணு. வெள்ளம் வந்து வண்டல் போடும், புல்லு மொளைக்கும், புழு தொளைக்கும், அடுத்த வெள்ளம் வந்து மேல மூடிரும். அப்படியே அடுக்கடுக்கா இறுகிப்போச்சு" என்றாள். மண்ணிலிருந்த இரும்பு துருப்பிடித்துத்தான் அந்தச் சிவப்பாம். நூல் நூலாகக் கிளை பிரிந்த சாம்பல் கோடுகளைக் காட்டி, வேர் ஓடிய தடம் என்றாள். சம்பந்தி, அதில் விரல் வைத்து நின்றேன். ஆறு போய்விட்டது, புல் போய்விட்டது, அது ஊன்றி நின்ற இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "செத்துப்போச்சாம்மா?" என்று கேட்டேன். "தூங்குதுன்னு வச்சுக்குங்களேன்" என்று சிரித்தாள்.

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. தூங்குகிற மண்ணை எழுப்ப எனக்குத் தெரிந்தது ஒரே வழி. உங்கள் வயல் தலைப்பில் மடையை அடைத்து, மேட்டின் அடிவரைக்கும் வாய்க்கால் வெட்டினேன். தண்ணீர் போய் அந்தச் சிவப்பைத் தொட்டதும் முதல் மழை வாசனை வந்தது. அடுத்த வியாழனும் அங்கேயே திருப்பிவிட்டேன். விஷயம் தெரிந்ததும் சினாரா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். என் மகள் சைகல், "ரெண்டு கோடி வருசமா காஞ்சு கெடந்தது, என் கல்யாணம் முடியிற வரைக்கும் பொறுக்காதாப்பா?" என்று கத்தினாள். 'கிளம்பு' என்று சொல்லாமல் சொல்ல விருந்தாளிக்குக் கோப்பை நிறைய ஊற்றுவோமே, அன்றிலிருந்து எனக்கு அப்படித்தான் தேநீர் ஊற்றுகிறாள்.

ஆகவே சத்தியம் செய்கிறேன். வாய்க்காலை மூடிவிட்டேன், மண்வெட்டியைச் சினாராவிடம் ஒப்படைத்துவிட்டேன். இனி வியாழக்கிழமைத் தண்ணீர் சொட்டு குறையாமல் உங்களுக்குத்தான். பிள்ளைகளைப் பிரித்துவிடாதீர்கள். உங்கள் முற்றம் கொள்ளாமல் ஆடுகளும் பேரப்பிள்ளைகளும் பெருகட்டும்.

தலைகுனிந்து,
ஜுமகாசி

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்குமுன் மேட்டடிக்கு ஒரு நடை போய் வந்தேன். தண்ணீர் விட்டுப்போன புது வண்டலில், பாறையை ஒட்டி, விரல் நீளத்துக்குப் பச்சை! பழைய புல் எழுந்துவிட்டது என்று அழுதேன். சினாரா குனிந்து பார்த்து, "மாமா, இது பார்லி. மடையில சிந்துன வெதை தண்ணியோட வந்திருக்கு" என்றாள். ஆக சம்பந்தி, உங்கள் பார்லி முளைத்துவிட்டது. சொன்ன சொல்படி கல்யாணத்துக்கு நாள் குறியுங்கள். வியாழக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று அதற்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும்.