உங்கள் கோட்டில் ஒரு பிரசவம்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அந்த ‘எல்லோரும்’ என்பதில் புதிதாக யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்கள் மகள் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள என்னிடம் தைக்கக் கொடுத்த கோட்டு என்ன ஆயிற்று என்று ஃபோனில் கேட்டீர்கள். “அது பத்திரமா இருக்குண்ணே” என்று சொல்லிவிட்டு உங்கள் தங்கை ஃபோனை வைத்துவிட்டாள். பத்திரமாகத்தான் இருக்கிறது. அதன்மேல் ஒரு பூனையும் நான்கு குட்டிகளும் படுத்திருக்கின்றன.

எனக்குப் பூனை என்றாலே ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். இந்தத் தெருப்பூனை கடை வாசலில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களையெல்லாம் அளவெடுப்பது போல மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தது. அதை விரட்டத்தான், விரட்ட மட்டும்தான், மதியம் மிஞ்சிய மீனை ஒரு டப்பா மூடியில் வைத்தேன். மூடியைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெருப்பக்கம் நகர்த்தினால், பூனையும் பின்னாலேயே போய் அடுத்த தெருக்காரர்கள் தலையில் விடியும் என்பது என் திட்டம். இந்த மாதிரி மூளை உங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாதே. மூடி மழையில் நனையுமாம். உங்கள் தங்கை அதை உள்ளே தள்ளித் தள்ளி வைத்திருக்கிறாள். நான் வெளியே, அவள் உள்ளே. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை, கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. பூனை பொறுமையாக மூடியோடு நகர்ந்து தையல் மிஷினுக்கு அடியில் வந்து சேர்ந்தது.

கோட்டுக்குப் பட்டன் வைக்கும் முன் அதைத் தொங்கவிடாமல் ஓர் இரவு மிஷினுக்கு அடியில் இருக்கும் தட்டில் படுக்க வைப்பது என் தொழில்முறை. உள்துணி நன்றாகப் படியும். காலையில் பார்த்தால் ஒரு குடும்பமே படிந்திருந்தது. கோட்டை இழுக்கப் போனேன். பூனை ஒன்றும் சொல்லவில்லை, உங்கள் தங்கைதான் சீறினாள். “பிள்ளை பெத்தவ படுத்திருக்கா, பாயை உருவுவீங்களா?” பாய் என்றாள் மச்சான். நீங்கள் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய துணியை.

அன்றிலிருந்து நான் கேட்கும் டீ வரும்போது வருகிறது. பூனைக்குப் பால் கேட்காமலே போகிறது. குட்டிகள் திடுக்கிடுமாம், மிஷின் ஓட்டக்கூடாதாம். ஓட்டாத மிஷினுக்குப் பக்கத்தில் தையல்காரன் என்று ஒருவன் உட்கார்ந்திருக்கிறேன், பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

இனி பொறுப்பதாக இல்லை. உங்கள் கிடங்கில் எலித்தொல்லை என்று புலம்பினீர்களே, காய்கறிக்காரரிடம் கூடை கேட்டிருக்கிறேன். நாளைக் காலை ஐந்தையும் கூடையில் அடைத்து, கோட்டைத் துவைத்து இஸ்திரி போட்டு, இரண்டையும் நானே கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். பெண்ணைப் பெற்றவர் சபையில் கோட்டில்லாமல் நிற்க நான் விடுவேனா?

வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கமும், கல்யாணப் பெண்ணுக்கு என் மனமார்ந்த ஆசியும்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: கூடை வந்தது. எந்தக் குட்டியை முதலில் எடுப்பது என்று மிஷின் முன்னால் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். பூனை ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வந்து என் மடியில் போட்டது. அப்புறம் இன்னொன்று. நான்கையும் போட்டுவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் தெருவுக்குப் போய்விட்டது. துணி கொடுக்கும்போது நீங்களே “சரியா தைப்பீங்கல்ல?” என்று எத்தனை தடவை கேட்டீர்கள்? அது ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது மச்சான். குட்டிகளுக்குக் குளிருமே என்று நானேதான் உங்கள் கோட்டை எடுத்துப் போர்த்தினேன். எலிக்குப் பொறி வாங்கிக்கொள்ளுங்கள். என் கல்யாணக் கோட்டை வயிற்றுப் பக்கம் பிரித்துப் பெரிதாக்கி உங்களுக்கு அனுப்புகிறேன். எப்படியும் எல்லோரும் பெண்ணைத்தான் பார்ப்பார்கள். உங்கள் தங்கை கேட்டால் மட்டும், நான் கடைசிவரை எதிர்த்தேன் என்று சொல்லுங்கள்.