கரீம் பாயின் பாய்லரும் என் வாய்ச்சவடாலும்

புதிதாக விற்பனை வேலைக்கு வருகிறவர்கள், விற்கிற பொருளைத் தாங்களே பெற்று வளர்த்ததுபோலப் பேசுவார்கள். எனக்கு அந்த வியாதி முற்றிப்போயிருந்தது.

நான் விற்றது செராமிக் இழைப் போர்வை. பார்த்தால் மெத்தைப் பஞ்சு மாதிரி இருக்கும். பாய்லர் கதவின் உட்புறம் பதித்துவிட்டால் தீயின் சூடு வெளியே வராது. ஆயிரத்து இருநூறு டிகிரி தாங்கும் என்றது கம்பெனிக் கையேடு. (நான் ஆயிரத்து ஐந்நூறு என்பேன். வாய் வலிக்கவா போகிறது?)

பேரணாம்பட்டில் கரீம் பாயின் தோல் தொழிற்சாலைதான் என் முதல் ஆர்டர். சில மாதம் கழித்து அவரே போன் செய்தார்.

"தேன்மொழிம்மா, ஆம்பூர்லருந்து நம்ம தோஸ்துங்க வர்றாங்க. பாய்லர நிறுத்தி வெச்சிருக்கேன். நீயே வந்து காட்டு. புடிச்சிருந்தா அவங்களும் போடுவாங்க."

புதுச் சுடிதாரில் போய் இறங்கினேன். மூன்று முதலாளிகள் கைகட்டி நின்றார்கள். பாய்லர் கதவைத் திறக்கச் சொல்லி, பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"இழுத்துப் பாருங்க சார். யானய கட்டி இழுத்தாலும் வராது."

யாரும் இழுக்கவில்லை. நானே இழுத்தேன்.

அப்பளம் நொறுங்குவதுபோல ஒரு சத்தம். மொத்தப் போர்வையும் பொடிப்பொடியாக என் தலையிலும் தோளிலும் கொட்டியது.

கரீம் பாய்தான் முதலில் வாய் திறந்தார். "இன்னாம்மா, யானையே தேவப்படலியே?"

உடம்பெல்லாம் அரிப்பு. ஆனால் பட்டமெல்லாம் வாங்கியிருக்கிறேனே, காரணம் தெரியாமல் போக மனம் வரவில்லை. சொறிந்துகொண்டே சுற்றிப் பார்த்தேன். ஓரமாக அடுக்கியிருந்த விறகில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. சுரண்டி நாக்கில் வைத்தேன். உப்பு!

"பாய், இது எந்தக் கட்ட?"

"பச்சத்தோல் அடுக்கற பலகம்மா. ஒடஞ்சு போச்சு. வீணாவுதேன்னு எரிக்கிறோம்."

பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டுத்தான் அடுக்குவார்கள். வருஷக்கணக்கில் அந்த உப்புத் தண்ணீரைக் குடித்த பலகை! எரிக்கும்போது உப்பு ஆவியாகி இழைகளில் படிகிறது. படிந்த இடத்தில் இழை சீக்கிரமே இளகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. ஆறினால் கண்ணாடி மாதிரி உடைகிறது.

"வெறும் சூட்ட தாங்கும் பாய். வெறும் உப்பயும் தாங்கும். ரெண்டும் சேர்ந்தாதான் நொறுங்கிடுது," என்றேன், தலையைத் தட்டியபடி.

ஆம்பூர்க்காரர் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "எங்க தோல் ஷாப்லயும் அதே பலகதாம்மா எரிக்கிறோம்..."

"அப்ப இத வாங்காதீங்க சார்."

விற்பனைக்காரி வாயில் வரவே கூடாத வாக்கியம். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். கரீம் பாய் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கே அந்தப் பலகைகளை அப்புறப்படுத்தச் சொன்னார். மற்ற மூவரும், விறகை மாற்றிவிட்டு ஆர்டர் கொடுத்தார்கள். அப்போது பதித்தவை இன்றும் நன்றாகவே இருக்கின்றன.

வம்பு என்னவென்றால், கரீம் பாய் என் கல்யாணத்துக்கு வந்து, பந்தியில் மாப்பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்து, யானையில் ஆரம்பித்து முழுக்கதையையும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போதெல்லாம் சமையலறையில் என் குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், கூடத்திலிருந்து கணவர் மகளைக் கூப்பிடுவார்.

"பாப்பா, ஓடிப்போய் உப்பு டப்பாவ எடுத்துனு வந்துடு. அம்மா நல்ல சூட்ல இருக்கா!"